மக்காவின் பெயர் தாங்கிய ரொட்டி

மக்காச்சோளம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் நன்னியின் வாயிலிருந்துதான். பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. "ஹஜ்ஜுக்குப் போன பெரியவங்க யாரோ மக்காவிலேருந்து கொண்டாந்த சோளம், அதனாலதான் அந்தப் பேரு" என்று நன்னி சொல்வார். ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் வருகின்ற ஊரிலிருந்து சோளமும் வந்திருக்கலாம் என்று சிறுவனாகிய நானும் நம்பினேன். ஆனால் நன்னி அதை ஒருநாளும் சமைத்ததில்லை. காட்டில் விளைந்த மக்காச்சோளம் சாக்குகளில் கட்டப்பட்டு, லாரியேறி, நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போய்விடும். பெயர் என்னவோ மக்கா. போய்ச் சேர்வது கோழியின் வயிறு.

மத்ரஸாவில் ஓதத் தொடங்கிய பிறகு ஓர் ஐயம் எழுந்தது. பயிர் விளையாத ஒரு பள்ளத்தாக்கில் தம் சந்ததியைக் குடியமர்த்தியதாகச் சொல்லி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடம் பிரார்த்தித்ததைத் திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. பயிரே விளையாத மண்ணிலிருந்து சோளம் எப்படி வந்திருக்கும்? உஸ்தாதிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். கேள்வி அங்கேயே நின்றுபோயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின்பு, கடல் கடந்த ஊரில் ஓர் அடுப்படியில்தான் அது மறுபடி என் முன் வந்து நின்றது.

2003ஆம் ஆண்டு ஷார்ஜாவுக்கு வேலைக்குச் சென்றேன். எனக்கு 23 வயது. ஓர் அறையில் எட்டுப் பேர். இரண்டடுக்குக் கட்டில்கள் நான்கு. எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடுப்படி. எங்களில் மூத்தவர் பாகிஸ்தானின் ஹஸாரா மலைப்பகுதியைச் சேர்ந்தவர். குன்ஹார் ஆறு பாயும் பள்ளத்தாக்கில் பாலாகோட் ஊருக்கு மேலே அவருடைய கிராமம். சையித் அஹ்மத் ஷஹீத் அவர்கள் 1831இல் வீரமரணம் அடைந்த அந்தப் பாலாகோட்தான். அவரை எல்லோரும் சாச்சா என்றே அழைத்தோம். அத்தாவின் தம்பியை எங்கள் வீட்டில் சின்னத்தா என்போம். நம் கடலோர ஊர்களில் சாச்சா என்பார்கள். ஆகவே அந்தச் சொல் எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வரும் சாச்சா, திரும்பும்போது கையால் தைத்த வெள்ளைத் துணிப்பை ஒன்றை உடன் கொண்டுவருவார். அதில் மஞ்சள் நிற மாவு இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபின் அந்தப் பையை அவிழ்ப்பார். அடுப்படியில் வேறு எவரையும் அப்போது அனுமதிக்கமாட்டார்.

அவர் ரொட்டி தட்டுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமான வேலை என்பது தெரியும். கோதுமை மாவைச் சேர்த்துப் பிடிக்கும் பசைப்புரதம் மக்காச்சோள மாவில் இல்லை. இழுத்தால் நீளாது, பூரிக்கட்டைக்கு அடங்காது, ஓரமெல்லாம் வெடிக்கும். சாச்சா கொதிநீரை ஊற்றி மாவைக் கரண்டியால் கிளறி ஆறவிடுவார். பின்னர் ஒரே ஒரு ரொட்டிக்கு வேண்டிய அளவை எடுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் நெடுநேரம் தேய்த்துப் பிசைவார். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசைந்து வைத்தால் கடைசி ரொட்டிக்குள் அது காய்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. கைகளை நனைத்துக்கொண்டு இரு உள்ளங்கைகளுக்கிடையே அதைத் தட்டித் திருப்புவார். வட்டம் விரியும்போது எழும் அந்தச் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்கும். ஊரில் அவர் தாயார் மண் தவாவில் சுடுவார்களாம், இங்கே இரும்புக்கல்தான். தொட்டுக்கொள்ளக் கடுகுக்கீரை மசியல், வெண்ணெய், ஒரு குவளை மோர்.

முதல் வெள்ளிக்கிழமையே எனக்கும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். விரலால் தொட்டுப் பார்த்தேன், சொரசொரப்பாக இருந்தது. பக்கத்தில் இருந்த நம்மூர் நண்பரிடம் தமிழில், "இது எங்க ஊர்ல கோழிக்கும் மாட்டுக்கும் போடுறதாச்சே" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சாச்சாவுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு தெரியும். அறையிலிருந்த மலையாளச் சகோதரரிடம், பையன் என்ன சொல்கிறான் என்று உருதுவில் கேட்டார். அந்த நல்ல மனிதருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, மழுப்பவும் தெரியவில்லை. உள்ளதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். சாச்சா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "எங்கள் ஊரிலும் எருமைக்குப் போடுவோம் மகனே. தட்டை அதற்கு, கதிர் எங்களுக்கு. இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரொட்டியைத் தட்டத் தொடங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் இடத்தில் கடையில் வாங்கிய இரண்டு குபூஸ் காத்திருந்தன. எனக்கென்று அவர் தனியாக வாங்கி வைத்திருந்தார். நானும் வெட்கமில்லாமல் உண்டேன். அதன்பின் மக்காச்சோள ரொட்டியை அவர் என்னிடம் நீட்டவேயில்லை.

இப்படிப்பட்ட தருணத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறைகூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்னும் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பைச் சிறுவயதிலேயே மனனம் செய்திருந்தேன். இன்னொரு நிகழ்வையும் உஸ்தாத் விரிவாகச் சொன்னதுண்டு. சுட்ட உடும்பிறைச்சி நபியவர்களின் முன் வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது தடுக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவியபோது, இல்லை, என் சமூகத்தாரின் நிலத்தில் இது இருந்ததில்லை, ஆகவே மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துவைத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உணவை மறுப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. குறையைத் தட்டில் வைக்காமல் தம் பழக்கத்தின்மீது வைத்துக்கொள்ளும் வழி அது. எனக்கு ஹதீஸ் தெரிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சாச்சாவுக்கு என்மேல் வருத்தம் இருந்ததாக அவர் காட்டிக்கொண்டதேயில்லை. இரவு வேலை முடிந்து படுத்தபின் ஊரைப் பற்றிப் பேசுவார். அறுவடை முடிந்ததும் தட்டையான மண்கூரைகள் மீது கதிர்களைப் பரப்பிக் காயவைப்பார்களாம். எதிர்மலையிலிருந்து பார்த்தால் கிராமமே மஞ்சளாகத் தெரியுமாம். ஓடைநீர் சுழற்றும் கல்லாலையில் அவருடைய தாயார் மாவு அரைத்து வருவார். பையைத் தைப்பதும் அவரே. ஒருநாள் பேச்சுவாக்கில், "ஆதம் (அலை) காலத்திலிருந்தே எங்கள் மலையில் இதுதான் உணவு" என்றார். நான் மறுக்கவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை வாயைத் திறந்து பட்டது போதும் என்றிருந்தது.

ஆயினும் அந்தப் பேச்சு மனத்தில் தங்கிவிட்டது. மக்காவிலிருந்து வந்தது என்கிறார் நன்னி. ஆதி முதலே எங்களுடையது என்கிறார் சாச்சா. பின்னாளில் கையில் கிடைத்தவற்றையெல்லாம் படித்துப் பார்த்ததில் இருவர் சொன்னதும் உண்மையன்று என்று தெரிந்தது. மக்காச்சோளம் பிறந்தது தென்மெக்சிகோவில். அங்குள்ள பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்ட் எனப்படும் காட்டுப்புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் அதை உருவாக்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் கல் போன்ற ஓட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு மணிகளுக்குமேல் இராது. தலைமுறை தலைமுறையாக நல்ல விதையைத் தெரிந்தெடுத்து விதைத்து, நாம் இன்று காணும் கதிராக அதை ஆக்கியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அட்லாண்டிக்குக்கு இப்பாலுள்ள உலகம் அதைக் கண்டது. இந்தியக் கரைக்கு அது போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தது. அக்பர் ஆட்சியில் அபுல் ஃபஸல் தொகுத்த ஆயினே அக்பரி, பயிர் பயிராக வரிவிகிதங்களைப் பட்டியலிடுகிறது. கோதுமை, வாற்கோதுமை, சோளம் எல்லாம் இருக்கின்றன, மக்காச்சோளம் இல்லை. அடுத்த நூற்றாண்டில் இராஜஸ்தானப் பதிவேடுகளில் அது தலைகாட்டுகிறது. ஆக, பஞ்சாபின் பழம்பெருமை என்று மேடைகளில் பாராட்டப்படும் மக்கி ரொட்டிக்கு வயது நானூறு ஆண்டுகளுக்கு உட்பட்டதே.

கர்நாடகத்தின் சோமநாதபுரத்தில் 13ஆம் நூற்றாண்டுக் கோயிற்சிற்பங்கள் சில கையில் ஏந்தியிருப்பது மக்காச்சோளக் கதிரே என்று வாதிட்டவர்கள் உண்டு. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. பிடித்துப்போன ஒன்றை ஆதியிலிருந்தே நம்முடையது என்று நிறுவிவிடும் ஆசை சாச்சாவுக்கு மட்டும் உரியதன்று.

எனக்கு மிகவும் வியப்பளித்தவை இந்தத் தானியத்தின் பெயர்கள்தாம். இத்தாலியர் அதைத் துருக்கித் தானியம் என்றார்கள். பழைய ஆங்கிலத்திலும் அது துருக்கிக் கோதுமை. துருக்கியரிடம் கேட்டால் அதன் பெயர் மிஸிர். அவர்கள் மொழியில் எகிப்துக்கும் அதுவே பெயர். எகிப்தியரோ அதை ஷாம் நாட்டுச் சோளம் என்றார்கள், அதாவது சிரியாவிலிருந்து வந்ததாம். கிரேக்கர் அரபுக் கோதுமை என்று பெயரிட்டார்கள். நாமோ மக்காச்சோளம் என்கிறோம். எந்த ஊரும் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டு வாசலைக் கைகாட்டிவிட்டது. உண்மையில் அதைப் பெற்றெடுத்த மண்ணின் பெயரோ இவற்றுள் ஒன்றிலும் இல்லை. யார் எங்கிருந்து வந்தார் என்று மனிதர்களைப் பார்த்து ஓயாமல் கேட்கும் உலகம், தட்டில் இருப்பதைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் நம் குழம்பில் மிளகாயும் தக்காளியும் மிஞ்சாது.

போன இடமெல்லாம் அது அந்தந்த வீட்டுப் பழைய பாத்திரத்துக்குள் அடங்கிக்கொண்டது. தானியத்தைக் கூழாகக் கிண்டி உண்ட வட இத்தாலியில் அது பொலெந்தா ஆயிற்று. தினை வகைகளில் ரொட்டி சுட்ட ஜார்ஜியாவில் மச்சாதி என்னும் ரொட்டி ஆயிற்று. எகிப்தியக் கிராமங்களில் வெந்தயப்பொடி கலந்து பெரிய மெல்லிய ரொட்டிகளாகச் சுட்டார்கள். பஞ்சாபிலும் ஹஸாராவிலும் சோளத்தையும் கம்பையும் கைகளுக்கிடையே தட்டிப் பழகிய பெண்கள் இருந்தார்கள். கொதிநீரில் பிசைவதும், நனைந்த கையால் தட்டுவதும் அவர்களுக்கு முன்பே கைவந்தவை. தானியம்தான் புதிது, கை பழையது. வட கர்நாடகத்துச் சோள ரொட்டியை இன்றும் அதே முறையில்தான் தட்டுகிறார்கள். சாச்சா தம் தாயாரிடம் கற்ற வேலை, மக்காச்சோளம் இந்த மண்ணை மிதிப்பதற்கு முன்பே இங்கிருந்த வேலை. அவ்வகையில் பார்த்தால் அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் கடலில் தவறிப்போன ஒன்றும் உண்டு. மெக்சிகோவின் பெண்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, மண்கல்லில் ரொட்டி சுடுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு, தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடலுக்குக் கிடைக்கச் செய்கிறது. கப்பலில் தானியம் ஏறியது. அதைச் சமைத்த பெண்களின் அறிவு ஏறவில்லை. விளைவு, மக்காச்சோளத்தை மட்டுமே உண்டு வாழ நேர்ந்த ஐரோப்பிய ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, மனம் பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. ஸ்பெயினில் காஸ்பர் காசால் என்னும் மருத்துவர் 1735இல் அதை விவரித்தார். அதற்கான காரணம் உறுதியாக 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. பாலும் மோரும் கீரையும் சேர்த்து உண்பவர்களை இந்நோய் எளிதில் அண்டாது; பாலின் புரதத்திலிருந்து உடலே அந்தச் சத்தை ஆக்கிக்கொள்ளும். சாச்சா ரொட்டியுடன் வைத்த அந்த மோர்க்குவளையை நான் வெறும் சுவைக்கென்று நினைத்திருந்தேன்.

பஞ்சாபின் ஏழைக் குடியானவர் கோதுமையை விளைத்து விற்றார்; வரி கட்டினார்; வீட்டில் மக்காச்சோளத்தையும் கம்பையும் உண்டார். செப்டம்பர், அக்டோபரில் கதிர் அறுப்பு, குளிர்காலத்தில் புதுமாவு, அதே சமயத்தில் வயலில் கடுகுக்கீரை. ரொட்டியும் கீரையும் ஜோடி சேர்ந்தது அந்தப் பருவத்தால்தான். இன்று விலையுயர்ந்த உணவகங்களில் அந்த ஜோடியைப் பழம்பெருமை என்று பரிமாறுகிறார்கள். அறுபதுகளின் பசுமைப் புரட்சிக்குப் பின் கோதுமை எல்லார் வீட்டுக்கும் எட்டியது. மக்காச்சோளம் பின்னுக்குப் போயிற்று. அதிலும் ஒரு வேடிக்கை. அந்தக் குட்டைரகக் கோதுமை விதையும் மெக்சிகோவிலிருந்துதான் வந்தது. 1966இல் மட்டும் இந்தியா 18,000 டன் விதையை அங்கிருந்து இறக்குமதி செய்தது. பாகிஸ்தானில் பரவிய ரகத்தின் பெயரே மெக்ஸிபாக். மெக்சிகோவின் ரொட்டியை விரட்டியதும் மெக்சிகோவின் விதைதான்.

நம் பக்கத்திலும் கதை வேறன்று. "நாங்கல்லாம் சோளச்சோறு தின்னு வளர்ந்தவங்க" என்று நன்னி சொன்னால் பேரப்பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். நெல்லுச்சோறு பெருநாளைக்கு மட்டும் என்றிருந்த காலம் அவருடையது. நபியவர்களின் காலத்து மதீனாவில் சல்லடையையே கண்டதில்லை என்றும், வாற்கோதுமையை அரைத்து ஊதுவோம், உமி பறந்தது போக மிஞ்சியதை நனைத்து உண்போம் என்றும் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்த ஹதீஸை எத்தனையோ பயான்களில் உருக்கமாகக் கேட்டிருக்கிறேன். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய சொரசொரப்பு கண்ணீரை வரவழைக்கிறது. பக்கத்துக் கட்டில்காரரின் தட்டிலிருக்கும் சொரசொரப்பு சிரிப்பை வரவழைத்தது.

2005 அக்டோபர் 8, சனிக்கிழமை. ரமளானின் முதல் வாரம். காலை வேலைக்குப் போய்ச் சிறிது நேரத்தில் செய்தி வந்தது. பாகிஸ்தான் நேரப்படி காலை 8:50க்குப் பூமி அதிர்ந்திருந்தது, அளவு 7.6. முஸாஃபராபாத்தும் பாலாகோட்டும் இடிந்து கிடந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் இருந்த நேரம் அது. மலைக்காடுகளில் மக்காச்சோள அறுவடை நடந்துகொண்டிருந்த நேரமும் அதுதான். 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பின்னர் தெரிந்த கணக்கு. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், சாச்சா திரும்பத் திரும்ப ஓர் எண்ணை அழுத்திக்கொண்டிருந்ததும் மறுமுனையில் மணி அடிக்காததும்தான். இஃப்தாருக்கு அறையில் எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்த அவர், பாங்கு முடிந்து நெடுநேரம் ஆகியும் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் அவர் ஊருக்குப் புறப்பட்டார். எங்களிடம் இருந்ததைத் திரட்டிக் கொடுத்தோம். துணிப்பை அடுப்படி அலமாரியில் பாதி மாவுடன் அப்படியே இருந்தது.

ரமளானின் நடுவில் ஒருநாள், மாவு வண்டு வைத்துவிடும், சாச்சா வருவதற்குள் வீணாகும், இஃப்தாருக்கு ரொட்டி சுட்டுவிடுவோம் என்று யாரோ சொன்னார்கள். கோழித்தீவனம் என்றவனே முன்வந்தேன். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. அவர் செய்ததையெல்லாம் செய்தேன். கொதிநீர் ஊற்றினேன், தேய்த்தேன், கையை நனைத்துத் தட்டினேன். கல்லுக்குப் போகும் வழியிலேயே அது நான்காக உடைந்து விழுந்தது. இரண்டாவது கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு முயற்சிக்குப் பின் தட்டில் துண்டுகள்தாம் இருந்தன. நோன்பு திறந்து அதைத்தான் உண்டோம். சூடாக இருக்கும்வரை அதில் ஓர் இனிப்பு உண்டு. வறுத்த கடலையைப் போன்ற மணம் உண்டு. இரண்டு ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்தும் அன்றுதான் அதை வாயில் வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் ஹஸாராக்காரர் ஒருவர் வழியாகத் தகவல் கிடைத்தது. சாச்சாவின் தாயார் கூரையின் கீழே அகப்பட்டு மவுத்தாகிவிட்டார்கள். தம்பியின் பிள்ளைகள் இருவர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அலமாரியில் இருந்த மாவு அந்தத் தாய் கடைசியாக அரைத்துக் கொடுத்தது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். மலையாளச் சகோதரர் எழுந்து போய்ப் பையின் வாயை இறுகக் கட்டினார். அதன்பின் அதை ஒருவரும் தொடவில்லை.

பாகிஸ்தானியர் பலசரக்குக் கடையொன்றில் மக்காச்சோள மாவு கிடைத்தது. வாரம் ஒரு நாள் நான் அதை வாங்கிவந்து தட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அறையில் கேலி பேசுவார்கள். நான் ஏன் அதைச் செய்தேன் என்பதற்கு இன்றுவரை நேரான விடை என்னிடம் இல்லை. மன்னிப்புக் கேட்க உருது போதாமல் இருந்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

2006 பிப்ரவரியில் சாச்சா திரும்பி வந்தார். தாடி முழுவதும் நரைத்திருந்தது. வீடு கட்ட வாங்கிய கடன் இருந்தது, ஆகவே வந்துவிட்டார். முதன்முறையாக அவர் கையில் துணிப்பை இல்லை. அந்த ஆண்டு மகசூலில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் போய்விட்டது என்றார். வேறு விவரம் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து பழைய பையை எடுத்துக் கட்டை அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். மக்காச்சோள மாவில் எண்ணெய்ச் சத்து உண்டு. சில மாதங்களில் சிக்கெடுத்துக் கசந்துவிடும். மறுபடி கட்டி, தம் கட்டிலின் கீழிருந்த பெட்டிக்குள் துணிகளுக்கிடையே வைத்துக்கொண்டார்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் நான் அடுப்படிக்குப் போனேன். ஆறு ரொட்டி தட்டினேன். இரண்டு முழுதாக வந்தன, நான்கு உடைந்தன. முழுதாக வந்த இரண்டையும் அவர் தட்டில் வைத்து, மோர்க்குவளையுடன் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணத் தொடங்கினார். முடித்தபின் உடைந்தவை எங்கே என்று கேட்டு வாங்கி, அவற்றை மோரில் போட்டுப் பிசைந்து அவற்றையும் உண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று விரல்களைச் சுத்தம் செய்துகொண்டு எழுந்தார். போகிற போக்கில் என் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனார்.

கல்லில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் துண்டைச் சுரண்டி வாயில் போட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது, மாவில் நான் உப்பே போட்டிருக்கவில்லை.